டிஸ்க் பிரேக் வாங்கும் முன் ஒர்க்ஷீட்டைத் திறங்கள்

டிஸ்க் என்றவுடன் நம் வாசகர்களுக்கு ஹார்ட் டிஸ்க்தான் நினைவுக்கு வரும். இந்த மாதம் நாம் பார்க்கப் போவது வேறு ஒரு டிஸ்க். மலைச் சரிவில் வேகமாக இறங்குவதற்கென்றே தயாரிக்கப்படும் டவுன்ஹில் சைக்கிளில், சக்கரத்தின் நடுவே சுழலும் மெல்லிய உலோகத் தகடு அது.

கம்ப்யூட்டர் வாங்கியபோது ராம் மெமரி எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று பார்த்துத்தானே வாங்கினீர்கள்? பிரேக்கையும் அப்படித்தான் வாங்க வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. ராம் குறைவாக இருந்தால் கம்ப்யூட்டர் மெதுவாக இயங்கும். பிரேக் குறைவாக இருந்தால் சைக்கிள் நிற்காது.

எதிரி யார்?

டவுன்ஹில் பிரேக்கிற்கு முதல் எதிரி வெப்பம். 1976ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மாரின் கவுண்டியில் உள்ள ஒரு மண் பாதையில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் பந்தயம் நடத்தினர். சுமார் இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக், பின் சக்கர ஹப்பிற்குள் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் அது சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். பிறகு ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். இப்படி மீண்டும் அடைப்பதை ஆங்கிலத்தில் ரீபேக் என்பார்கள். அந்தப் பாதைக்கே ரீபேக் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வெப்பம் எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரைத் திறங்கள். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக் கொள்வோம். 1,300 அடி என்பது ஏறத்தாழ 400 மீட்டர். 100ஐ 9.8ஆல் பெருக்கி, வரும் விடையை 400ஆல் பெருக்குங்கள். 3,92,000 ஜூல் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வர இதைவிடக் குறைவான வெப்பமே போதும். இதில் ஒரு பகுதி காற்றிலும் டயரிலும் போய்விடும். மீதி பிரேக்கில்தான் இறங்கும்.

ஒர்க்ஷீட் தயாரியுங்கள்

எக்ஸெல் அல்லது அதுபோன்ற ஒரு புரோகிராமில் புதிய ஒர்க்ஷீட்டைத் திறங்கள். ஒவ்வொரு பிரேக் மாடலுக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். கீழே உள்ள ஐந்தையும் நெடுவரிசைத் தலைப்புகளாகக் கொடுங்கள். விவரங்களைத் தயாரிப்பாளரின் இணைய தளத்தில் இருந்து எடுத்து நிரப்புங்கள்.

1. ரோட்டார்: சுழலும் தகட்டின் பெயர் ரோட்டார். 160, 180, 200, 203, 220 மி.மீ. விட்டங்களில் கிடைக்கிறது. டவுன்ஹில்லுக்கு 200 அல்லது 203 மி.மீ. பொதுவான தேர்வு. 160க்குப் பதில் 203 போட்டால், அதே விரல் அழுத்தத்திற்குச் சக்கரத்தை நிறுத்தும் விசை ஏறத்தாழ கால் பங்கு கூடும். சூட்டைத் தாங்கவும் அதிக உலோகம் இருக்கும். தடிமனையும் குறித்துக் கொள்ளுங்கள். 1.8 மி.மீ. சாதாரணம். 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது.

2. பிஸ்டன்: ரோட்டாரை இருபுறமும் பிடிக்கும் பகுதி கேலிப்பர். அதற்குள் இரண்டு அல்லது நான்கு பிஸ்டன்கள் இருக்கும். டவுன்ஹில்லுக்கு நான்கு பிஸ்டன் வாங்குங்கள். கேபிளால் இழுக்கும் வகை வேண்டாம். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகையே ஏற்றது.

3. திரவம்: மினரல் ஆயில், டாட் திரவம் என இரு வகை உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றவே கூடாது. ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக் செயலிழக்கும். நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்ராம் நிறுவனத்தின் கோட் மாடலுக்கு டாட் திரவம். அதே நிறுவனம் 2024ல் வெளியிட்ட மேவன் மாடலுக்கு மினரல் ஆயில். டாட் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 5.1 குறைந்தது 260 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 180 டிகிரிதான். திரவம் கொதித்தால் குமிழ்கள் உண்டாகி, லீவர் கைப்பிடி வரை போகும், சைக்கிள் நிற்காது. எனவே தயாரிப்பாளர் சொல்லும் கால இடைவெளியில் திரவத்தை மாற்றுங்கள்.

4. பேட்: ரெசின் பேட் சத்தமின்றிப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். உலோகத் தூளை இறுக்கிச் செய்யும் சின்டர்டு பேட் சூட்டையும் சேற்றையும் தாங்கும், சத்தம் போடும். நீண்ட இறக்கத்திற்கு இதுவே ஏற்றது. விலை குறைந்த சில ரோட்டார்களில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கும். அவற்றில் சின்டர்டு பேட் போடக் கூடாது.

5. பொருத்தம்: புதியவர்கள் அதிகம் தவறு செய்வது இங்குதான். உங்கள் போர்க், பிரேம் இரண்டிற்கும் அதிகபட்ச ரோட்டார் அளவு என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் போர்க் உடையும் ஆபத்து இருக்கிறது. அவற்றின் மேனுவலை பிடிஎப் பைலாக டவுண்லோட் செய்து பாருங்கள். ரோட்டார் ஹப்பில் பொருந்துவது ஆறு போல்ட் முறையிலா, சென்டர் லாக் முறையிலா என்றும் பாருங்கள். முன் பிரேக் லீவர் அமெரிக்காவில் இடது கைக்கும், பிரிட்டனில் வலது கைக்கும் வரும். ஆர்டர் செய்யும்போது இதையும் கவனியுங்கள்.

விலையைக் கடைசி நெடுவரிசையில் போடுங்கள். முதலில் போட்டால் கண் அங்கேயே நின்றுவிடும். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால், அதை நிரப்பும் வரை வாங்கும் பட்டனில் கிளிக் செய்யாதீர்கள்.

பிரேக் வந்து பொருத்திய அன்றே மலைக்குப் போக வேண்டாம். சமதளத்தில் மிதமான வேகத்தில் ஓட்டி, முழுவதும் நிற்காமல் வேகம் குறையும் வரை பிடித்து விடுங்கள். இதை இருபது முறையாவது செய்யுங்கள். பேடும் ரோட்டாரும் ஒன்றோடு ஒன்று பழகிய பிறகுதான் முழுப் பிடிப்பு கிடைக்கும். ரோட்டாரில் எண்ணெயும் விரலும் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் நின்றுபோனால் ரீஸ்டார்ட் செய்யலாம். மலைச் சரிவில் அந்த வசதி கிடையாது.