கைச்சூடு பழகினால் தப்பா?

வாசுதேவநல்லூர்ப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாய்மார்கள் வரப்போரத்து மரக்கிளையில் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கிக் கைக்குழந்தையைப் போடுவது உண்டு. பிள்ளை வீறிட்டால் ஓடிவந்து தோளில் போட்டு நாலு எட்டு நடப்பார்கள். அழுகை நின்றுவிடும். வீட்டில் ஆச்சிமார் கண்டிப்பார்கள்: "ஏளா, எந்நேரமும் தூக்கிக்கிட்டே திரியாத. கைச்சூடு பழகிட்டா பிள்ள கீழ இருக்காது."

ஆச்சியின் கவலை புரிகிறது. வீட்டு வேலையை யார் பார்ப்பது? ஆனால், தூக்குவதால் பிள்ளை கெட்டுப்போவதில்லை.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடா குழுவினர், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாய் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நடக்காதது, எழுந்து நடந்த சில நொடிகளில் நடந்தது. அழுகை குறைந்தது, கைகால் உதறல் அடங்கியது, இதயத்துடிப்பு தணிந்தது. எலிக்குஞ்சும் இப்படித்தான். தாய் கவ்வித் தூக்கியதும் கால்களைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் தொங்கும். தூக்கப்படுவதை உணரும் திறனை மழுங்கடித்த குஞ்சுகள் நெளிந்தன. அவற்றைத் தூக்கிப்போகத் தாய்க்கு அதிக நேரம் பிடித்தது. ஆபத்து வரும்போது தாய் தூக்கிக்கொண்டு ஓட, குட்டி தன் பங்குக்குச் செய்யும் ஒத்தாசை அது. கெட்ட பழக்கம் அல்ல, பிறவிக் குணம்.

இதே குழு 2022-இல் இன்னொன்றைக் கண்டது. தூங்கிய பிள்ளையைப் படுக்க வைக்கும்போது, பாயில் முதுகு படுவதற்கு முன்பே, தாயின் உடம்பிலிருந்து விலகத் தொடங்கியதுமே துடிப்பு எகிறுகிறது. எனவே ஐந்து நிமிடம் நடந்து, பிள்ளை தூங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து, பிறகு கிடத்தச் சொல்கிறார்கள்.

எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு இந்தச் சூடு உயிர்ப் பிரச்சினை. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், 1.8 கிலோவுக்கும் குறைவான குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் வெற்று மார்போடு அணைத்து வைத்தார்கள். உடல்நிலை சீரான பின் அணைப்பைத் தொடங்கியதோடு ஒப்பிட்டால், முதல் 28 நாள் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அப்பாவும் இப்படி அணைத்துக்கொள்ளலாம்.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்க மாட்டேன். பிறந்த பிள்ளை நாக்கில் சேனை என்று தேனைத் தொட்டு வைப்பதை விட்டே ஆக வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சைச் சுரக்கும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். தவழத் தொடங்கிய பிள்ளையைச் சேலைத் தொட்டிலில் தனியே விடுவதும் ஆபத்து. துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கத் தாய்க்கு நேரம் வேண்டுமே! தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு 12 மாதம். களையெடுக்கும் பெண்ணுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய், அதுவும் தவணை தவணையாக. ஒரு வருடக் கூலிக்கு அது ஈடாகாது என்பதால்தான் மரக்கிளையில் தொட்டில் தொங்குகிறது.