நடுக்கடலில் கப்பல் பழுதானால் கரைக்கு என்ன உரிமை?

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி காலை, சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே ஏறத்தாழ 38 கடல்மைல் தொலைவில் ‘எம்.டி. நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்த் தாங்கிக் கப்பலின் இயந்திர அறையில் கொதிகலன் வெடித்துத் தீப்பற்றியது. குவைத்தின் மினா அல் அஹ்மதி துறைமுகத்தில் ஏற்றிய சுமார் 270,000 தொன் மசகு எண்ணெயுடன் இந்தியாவின் பாராதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. 23 மாலுமிகளில் பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார். காயமடைந்த இன்னொருவர் கல்முனை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். இயந்திரம் செத்த கப்பல் காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் நகர்ந்தது. இழுவைக் கப்பல்கள் கட்டி இழுத்துத்தான் அதைக் கரையிலிருந்து விலக்கி வைத்தன. இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவல்படையும் சேர்ந்து போராடி அடக்கிய தீ செப்டெம்பர் 7ஆம் திகதி மறுபடி மூண்டு, 9ஆம் திகதிதான் முற்றாக அணைந்தது. மசகு எண்ணெய்த் தாங்கிகள் தப்பின. கப்பலின் சொந்த எரிபொருளான டீசல் கசிந்து கடலில் படலமாகப் பரவியது. திருக்கோவில், தம்பிலுவில், கோமாரி, பொத்துவில் கரைகள் அன்று தப்பியது உண்மை. ஆனால் அந்தக் கரைகளில் தொழில் செய்பவர்களுக்கு இப்படியொரு விபத்தில் என்ன உரிமை இருக்கிறது, அதைப் பெற என்ன கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி இன்னும் பேசப்படாமலே கிடக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இயந்திரக் கோளாறு கப்பல்காரருக்குச் சாக்கு ஆகாது என்பது. எண்ணெய்த் தாங்கிக் கப்பல்களின் மாசுச் சேதம் பற்றிய 1992ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கையும் ஓர் உறுப்பு நாடு. அதன்படி, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே உரிமையாளர் பொறுப்பாகிறார். போர், அசாதாரணமான இயற்கைச் சீற்றம், வெளியார் வேண்டுமென்றே செய்த நாசம், வழிகாட்டு விளக்குகளைப் பராமரிக்கும் அரசின் கவனயீனம் என்று விதிவிலக்குகள் மிகச் சில. கொதிகலன் வெடித்தது, இயந்திரம் நின்றது என்பவை அவற்றில் இல்லை. 2,000 தொன்னுக்கு மேல் எண்ணெயைச் சரக்காக ஏற்றும் கப்பல் காப்புறுதி வைத்திருந்தே ஆக வேண்டும். பாதிக்கப்பட்டவர் காப்புறுதி நிறுவனத்திடமே நேராகக் கேட்கலாம். உரிமையாளரின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சேதம் அதைத் தாண்டினால் சர்வதேச எண்ணெய் மாசு இழப்பீட்டு நிதியம் மேலும் ஒரு வரம்பு வரை கொடுக்கும். கப்பல் ஏன் பழுதானது என்று திருக்கோவில் மீனவர் விளக்க வேண்டியதில்லை. தனக்கு எவ்வளவு நட்டம் என்பதை மட்டும் அவர் காட்ட வேண்டும். நம் பக்கம் பலவீனமாக இருப்பது இந்த இரண்டாவது பாதிதான்.

நியூ டயமண்ட் விவகாரத்தில் பணம் எப்படி வந்தது என்று பார்த்தால் இது விளங்கும். தீயணைப்புக்கும் மீட்புக்கும் ஆன செலவாகச் சட்டமா அதிபர் கேட்ட 44 கோடியே 20 இலட்சம் ரூபாயைச் செலுத்த உரிமையாளர்கள் உடன்பட்டார்கள். கிரேக்க நாட்டவரான கப்டன் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1 கோடியே 20 இலட்சம் ரூபாய் தண்டம் பெற்றார். அரசு கேட்ட செலவுக்குக் கப்பல்கள், ஆட்கள், பொருட்கள் என்று கணக்கு இருந்தது. கரைவலை இழுக்கும் ஒருவரிடம், படகில் போய்வரும் ஒருவரிடம், கருவாடு போடும் பெண்ணிடம் முந்தைய செப்டெம்பரில் என்ன பிடித்தார்கள், என்ன விலைக்கு விற்றார்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு வரியாவது இருந்திருக்குமா?

மசகு எண்ணெய்தான் கொட்டவில்லையே, நடக்காததற்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1992 உடன்படிக்கை மசகு எண்ணெய் போல நீரில் நெடுநாள் நிலைக்கும் எண்ணெயைப் பற்றியது. விரைவில் ஆவியாகிக் கலையும் டீசல் பொதுவாக அதற்குள் வராது. ஆகவே 2020இல் நடந்ததுபோன்ற டீசல் கசிவுக்கு நமக்கு முதன்மையான சட்டம் நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டம். குற்ற வழக்கையும் நட்டஈட்டுப் பொறுப்பையும் அது தனித்தனியாக வைத்திருக்கிறது. கப்டன் தண்டம் கட்டியதோடு உரிமையாளரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. காற்றையும் மறக்கக் கூடாது. செப்டெம்பரில் வீசுவது பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும் கச்சான். இதே வெடிப்பு மார்கழியில் நடந்திருந்தால், வாடைக்காற்று எண்ணெயையும் கப்பலையும் நேரே நம் கரைக்குத் தள்ளியிருக்கும். வளைகுடாவிலிருந்து வங்காள விரிகுடாத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்கள் தெற்கே தேவேந்திரமுனையைச் சுற்றி வந்து இந்தக் கிழக்குக் கடலால்தான் வடக்கே ஏறுகின்றன. பழுதாகும் கப்பல் நியூ டயமண்ட் மட்டுமாக இருக்கப்போவதில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. கொழும்பில் வழக்கு, எதிரே பன்னாட்டுக் கம்பனி, கையில் காசில்லாத மீனவர் என்ன செய்வார்? 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி ஜூன் மாதம் மூழ்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கொள்கலன் கப்பலின் வழக்கு இதற்கு ஓரளவு பதில் தருகிறது. அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்த உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24ஆம் திகதி 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. கம்பனி அதைச் செலுத்த மறுத்திருக்கிறது. ஆகவே தீர்ப்பு வந்தவுடன் பணம் கைக்கு வரும் என்று யாரையும் நம்பவைக்க முடியாது. ஆனாலும் சேர்ந்து போனவர்களுக்கு நீதிமன்றத்தின் கதவு திறந்தது. அடிப்படை உரிமை மனுவை, உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. 1992 உடன்படிக்கைப்படி, சேதம் ஏற்பட்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளும் எப்படியும் சம்பவம் நடந்து ஆறு ஆண்டுகளுக்குள்ளும் வழக்கு வைக்காவிட்டால் உரிமை போய்விடும். அழுது முடித்து ஆவணம் தேடத் தொடங்கினால் இந்தக் காலம் போதாது.

படிப்பில்லாதவர் எப்படிக் கணக்கு எழுதுவார் என்பதும் நியாயமான கேள்வியே. தனியொருவர் எழுத வேண்டாம், சங்கம் எழுதட்டும். திகதி, படகு அல்லது வலை, பிடித்த மீன், விற்ற விலை இவ்வளவு போதும். மொத்த வியாபாரி தரும் துண்டுச் சீட்டைக்கூட எறியாமல் வைக்கலாம். கருவாட்டுக்காரரையும் கூலிக்கு வலை இழுப்பவரையும் அதே பதிவேட்டில் சேர்க்க வேண்டும். எண்ணெய் வந்தால் அவர்களின் நாட்கூலிதான் முதலில் போகும். எண்ணெய்க் கட்டியோ படலமோ கண்டால் வெறுங்கையால் தொடாமல், தொலைபேசியில் இடம் தெரியப் படம் எடுத்து, கடல் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் கடற்றொழில் பரிசோதகருக்கும் அறிவித்து, அறிவித்ததற்கு எழுத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் பட்ட வலை சாட்சி. அதை எரித்துவிடக் கூடாது. உரிமையாளரிடமிருந்து அரசு பெற்ற பணம் எங்கே போனது என்று கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தக் குடிமகனுக்கும் இடம் தருகிறது.

திருக்கோவில் முதல் கல்முனை வரை உள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், தமிழர் சங்கமானாலும் முஸ்லிம்கள் சங்கமானாலும், அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இந்தப் பதிவேட்டுக்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றி, அதன் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து ஒப்பம் வாங்கி வைக்க வேண்டும்.