பாம் எண்ணெயும் ஒரு முத்திரையும்

ஸ்கந்தபுரத்தில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு சிறிய தேநீர்க் கடை இருக்கிறது. காலையில் ரொட்டி, பின்னேரம் வடையும் ரோல்ஸும். பொரிப்பதெல்லாம் பாம் எண்ணெயில்தான். தேங்காயெண்ணெயில் பொரித்து விற்றால் அந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். சென்ற விடுமுறையில் நான் கடையில் நின்றபோது ஒரு ஐயா எண்ணெய்க் கேனைக் காட்டி, "இது எங்கட பனையில எடுக்கிற எண்ணெயோ, பிள்ளை?" என்று கேட்டார். வன்னியில் பனையோடு வாழ்கிறவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை.

அது நமது பனை அல்ல. மேற்கு ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வேறொரு மரம். மலேசியத் தமிழர் அதைச் செம்பனை என்கிறார்கள். நம் நாட்டில் முள்ளுத்தேங்காய் என்று பெயர். இன்று உலகின் பாம் எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் உற்பத்தியாகிறது. மலாயாவில் வர்த்தக ரீதியாக இது முதன்முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! இலங்கையில் 1960களின் இறுதியில் காலி மாவட்டத்து நாக்கியாதெனியவில் தொடங்கியது. 2021 ஏப்ரலில் அரசாங்கம் புதிதாக நடுவதைத் தடைசெய்து, இருக்கும் மரங்களையும் படிப்படியாக அகற்றச் சொன்னது. அப்போது நீரையும் மண்ணையும் பற்றி நிறையப் பேசினார்கள். அந்த மரங்களின் கீழ் வேலை செய்பவர்களைப் பற்றிய பேச்சு குறைவு.

சில பிஸ்கட், சவர்க்காரப் பொதிகளில் ஓலை வடிவில் ஒரு சிறு முத்திரை இருக்கும். 2004இல் தொடங்கப்பட்ட ஆர்.எஸ்.பி.ஓ. எனும் வட்டமேசை அமைப்பின் முத்திரை அது. காட்டை அழிக்காமலும் தொழிலாளரை வதைக்காமலும் எடுத்த எண்ணெய் என்பதற்கான சான்று. உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு இந்தச் சான்று உண்டு. முத்திரை பார்த்து வாங்குவது நமக்குப் புதிதல்ல. ஹலால் முத்திரையைத் தேடிப் பொதியைத் திருப்பிப் பார்க்காத உம்மா நம்மில் யார் வீட்டில் இருக்கிறார்? நாம் நம்புவது உண்மையில் அந்தச் சின்னத்தை அல்ல, அதற்குப் பின்னால் போய்ப் பார்த்துவந்த ஆளை.

வட்டமேசை முத்திரையில் பல வகை உண்டு. சான்று பெற்ற தோட்டத்து எண்ணெயை வேறெதனோடும் சேராமல் கொண்டுவருவது ஒரு வகை. இன்னொன்றில், முத்திரையின் கீழ் 'கலப்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருக்கும். இதை நம் ஊர் நெல் ஆலையை வைத்து விளக்கலாம். இரசாயனம் போடாமல் விளைந்த பத்து மூடை நெல்லை ஆலைக்குக் கொடுக்கிறோம். ஆலைக்காரர் அதை எல்லோருடைய நெல்லோடும் சேர்த்துக் குற்றிவிட்டு, பத்து மூடைக்குரிய அரிசியையும் ஒரு துண்டையும் நம்மிடம் தருகிறார். கணக்கு சரி. ஆனால் நம் கையில் உள்ள அரிசி யாருடைய வயலில் விளைந்தது என்று அந்தத் துண்டு சொல்லாது.

அந்தத் தோட்டங்களில் வேலை எப்படி? பத்து முதல் இருபத்தைந்து கிலோ வரை நிறையுள்ள பழக்குலைகளை, நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் அறுத்து வீழ்த்த வேண்டும். அறுத்த குலை ஓரிரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். ஆகவே அவசரம், ஆகவே நாளுக்கு இத்தனை குலை என்ற இலக்கு. இலக்கைத் தொடாவிட்டால் கூலி குறையும். அதனால் மனைவியும் பிள்ளைகளும் உதிரிப் பழம் பொறுக்க வருகிறார்கள். அவர்களுக்குத் தனியாகக் கூலி இல்லை. 2016இல் சர்வதேச மன்னிப்புச் சபை இந்தோனேசியத் தோட்டங்களில் செய்த ஆய்வில் எட்டு வயதுப் பிள்ளைகளும் இப்படி வேலை செய்தது வெளிவந்தது. ஆய்வுக்குட்பட்ட ஐந்து உற்பத்தியாளர்களில் மூவர் வட்டமேசைச் சான்று பெற்றவர்கள்.

இதை வாசித்தபோது எனக்கு என் சாச்சியின் ஞாபகம் வந்தது. அவர் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கில் மூன்று வருடம் இருந்தார். போன அன்றே கடவுச்சீட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஐந்து மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தபோது, அனுப்பிய முகவர் தொலைபேசி எடுத்து "எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டாராம். வீட்டு எசமானி பக்கத்தில் நின்றார். "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கிறன்" என்று சாச்சி சொன்னார். முகவரின் கொப்பியில் அது நல்ல பதிலாகத்தான் பதிவாகியிருக்கும்.

தோட்டத்துக்குச் சான்று வழங்கும் கணக்காய்வும் பெரும்பாலும் இத்தகைய கேள்விதான். கணக்காய்வாளருக்குப் பணம் கொடுப்பது அந்தக் கம்பனியே. வெட்டிய காடு வானிலிருந்து எடுத்த படத்தில் தெரியும். பூட்டிவைத்த கடவுச்சீட்டு தெரியாது. அதைத் தொழிலாளி வாய் திறந்து சொல்ல வேண்டும். மலேசியத் தோட்டங்களில் வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் இந்தோனேசியா, பங்களாதேஷ், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து கடன்பட்டு வந்தவர்கள். சொன்னால் வேலை போகும், கடன் நிற்கும்.

2020 செப்டெம்பரில் எஃப்.ஜி.வி. கம்பனியின் பாம் எண்ணெயையும், டிசம்பரில் சைம் டார்பி பிளான்டேஷன் எண்ணெயையும் அமெரிக்கச் சுங்கத் திணைக்களம் எல்லையில் நிறுத்தியது. கட்டாய வேலை, அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்தல், கூலியைத் தடுத்தல், கடனால் பிணைத்தல் என்று காரணங்களை அடுக்கியது. இரு கம்பனிகளுமே வட்டமேசையின் உறுப்பினர்கள். கடவுச்சீட்டைப் பிடித்து வைக்கக்கூடாது என்று வட்டமேசையின் விதியிலேயே இருக்கிறது! சந்தை மூடிய பின்பு சைம் டார்பி, தொழிலாளர்கள் வேலைக்கு வருவதற்காகக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2023இல் அதன் மீதான தடை நீங்கியது. முத்திரை செய்யாததைத் துறைமுகம் செய்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் முத்திரையை வீண் என்று தள்ள மாட்டேன். அந்த விதி எழுதப்பட்டிருந்ததால்தான் மீறப்பட்டது என்று சொல்ல முடிந்தது.

இதையெல்லாம் கடையில் வாப்பாவிடம் சொன்னேன். எண்ணெய்க் கேனில் எந்த முத்திரையும் இல்லை. அலுமாரியிலிருந்த ஒரு வெளிநாட்டு பிஸ்கட் பொதியில் இருந்தது, கீழே 'கலப்பு' என்ற சொல்லோடு.

"அப்ப எந்தத் தோட்டம் எண்டு கேக்கேலாதா?" என்றார் வாப்பா.

பெரிய கம்பனிகள் சில 2018 முதல் தாங்கள் எண்ணெய் வாங்கும் ஆலைகளின் பட்டியலை வெளியிடுகின்றன என்று சொன்னேன்.

அவர் பொதியைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, இறக்குமதியாளரின் முகவரியைத் தேடினார். அன்றிரவே கடிதம் எழுதினேன். இரண்டு கேள்விகள். உங்கள் ஆலைப் பட்டியல் எங்கே? இரண்டாவது சாச்சி சொல்லித் தந்தது: தொழிலாளியிடம் கேள்வி கேட்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்?