பல் வலிக்குக் கையில் பட்டையா?

பிடுங்க வேண்டியது பல்லை. பல் டாக்டரோ, "கையை நீட்டுங்கள்" என்கிறார்! புஜத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றை அடிக்கிறார். நாற்காலியில் இருப்பவருக்கு ஒரே ஆச்சரியம். பல்லுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் கையோடு அல்ல, இருதயத்தோடு!

பயம் செய்யும் வேலை

பல் டாக்டரின் நாற்காலியைக் கண்டாலே பலருக்கு நெஞ்சு படபடக்கும். பயந்தால் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. நாடி வேகமாகத் துடிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது.

ஈறு மரத்துப்போகப் போடும் ஊசி மருந்திலும் பெரும்பாலும் அட்ரினலின் உண்டு. 80,000-ல் ஒரு பங்கு என்பது போன்ற சிறு அளவுதான். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கிறது. ஆனால், நேரே ரத்தக் குழாயில் இறங்கிவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால்தான் ஊசியைக் குத்தியதும், ரத்தம் வருகிறதா என்று டாக்டர் இழுத்துப் பார்க்கிறார்.

திடகாத்திரமானவர் இதையெல்லாம் தாங்குவார். ரத்தக் கொதிப்புக்காரருக்கு மாரடைப்போ, பக்கவாதமோ வந்துவிட்டால்?

சைக்கிள் டியூப்

புஜத்தில் பட்டை கட்டி அளக்கும் கருவியை 1896-ல் வெளியிட்டவர், இத்தாலி டாக்டர் ரிவா ரோச்சி. பட்டைக்கு அவர் பயன்படுத்தியது சைக்கிள் டியூப்! 1901-ல் இத்தாலிக்குப் போன அமெரிக்க டாக்டர் ஹார்வி குஷிங், அதைத் தம் நாட்டு ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் கண்டுபிடிக்கும் முறையை 1905-ல் சொன்னவர், ரஷ்ய டாக்டர் கொரோட்காவ்.

எப்போது ஆபத்து?

அழுத்தம் 180/110-ஐ எட்டினால், சற்றுப் பொறுத்து மறுபடி அளப்பார்கள். அப்போதும் குறையாவிட்டால், அவசரமில்லாத வேலையை ஒத்திப்போட்டு வைத்தியரிடம் அனுப்புவது வழக்கம்.

சிகிச்சையின் நடுவே, விரலில் மாட்டிய சிறு கருவி நாடியைக் காட்டிக்கொண்டிருக்கும். சும்மா இருக்கும்போது நாடி நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். திடீரென்று இறங்கினாலும் கவனம் தேவை. முகம் வெளுத்து, வியர்த்து, மயக்கம் வரலாம். உடனே நாற்காலியைச் சாய்த்துக் கால்களை உயர்த்துவார்கள். பெரும்பாலும் சில நிமிஷங்களில் தெளிந்துவிடும்.

மறைக்காதீர்கள்!

"பல்லுக்குத்தானே வந்தோம்" என்று ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பற்றி வாய் திறக்காதவர்கள் உண்டு. அன்று காலை மாத்திரையை விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. இரண்டும் தவறு. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிஷம் அமைதியாக உட்காருங்கள். அளக்கும்போது பேசாதீர்கள்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன பல்லைக் கட்டிக்கொள்ளலாம், போன உயிரை?