ஒரே வேலை செய்யும் கம்ப்யூட்டர்: ஸ்ரீரங்கம் ரங்கராஜனும் ஓட்டு இயந்திரமும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன?" என்று கேட்டால், "ஒன்றுதான்" என்று உடனே பதில் வரும். உண்மையில் உங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களாவது இருக்கும். வாஷிங் மெஷினுக்குள் ஒன்று, மைக்ரோவேவ் அடுப்பில் ஒன்று, டி.வி.யோடு இணைத்துள்ள செட் டாப் பாக்ஸில் ஒன்று, இன்டர்நெட் இணைப்பு தரும் மோடத்தில் ஒன்று. இவற்றுக்குத் தனி மானிட்டரோ கீ போர்டோ கிடையாது. ஆனால் ஒவ்வொன்றிலும் பிராசசர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, ஒரு புரோகிராமும் ஓடிக் கொண்டிருக்கிறது. இப்படி ஒரு சாதனத்திற்குள் பதித்து வைக்கப்பட்ட கம்ப்யூட்டருக்கு எம்பெடட் சிஸ்டம் என்று பெயர்.

இந்தியாவில் மிக அதிகம் பேர் கை வைத்த எம்பெடட் சிஸ்டங்களில் ஒன்று, நாம் ஓட்டுப் போடும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். அதை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். அவரை எழுத்தாளராக எல்லோருக்கும் தெரியும். பொறியாளராகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. அவர்தான் எஸ். ரங்கராஜன் என்கிற சுஜாதா.

எழுத்தாளருக்குள் ஒரு பொறியாளர்

சுஜாதா 1935 மே 3 அன்று சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். அங்கே பள்ளிப் படிப்பை முடித்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்.சி. இயற்பியல் படித்தார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாமும் அந்தக் காலத்தில் அதே கல்லூரியில்தான் படித்தார். பிறகு இருவருமே சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார்கள். கலாம் எடுத்தது விமானப் பொறியியல், ரங்கராஜன் எடுத்தது எலெக்ட்ரானிக்ஸ்.

படிப்பு முடிந்து மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் சேர்ந்தார். பின்னர் பெங்களூரில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்திற்கு மாறினார். ராணுவத்திற்கு ரேடார், தகவல் தொடர்புக் கருவிகள் செய்து தரும் பொதுத்துறை நிறுவனம் அது. அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் உயர் பொறுப்பு வரை வந்தார். பகலில் சர்க்யூட், இரவில் சிறுகதை என்று இரண்டு வாழ்க்கை வாழ்ந்தவர், 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார்.

வாக்குப்பதிவு இயந்திரத்தை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. ஐதராபாத்தில் உள்ள இ.சி.ஐ.எல். நிறுவனம் 1979இல் ஒரு மாதிரி இயந்திரத்தைத் தயாரித்தது. 1980 ஆகஸ்டில் தேர்தல் கமிஷன் அதை அரசியல் கட்சிகளுக்கு இயக்கிக் காட்டியது. 1981இல் பெல் நிறுவனமும் களத்தில் இறங்கியது. பெல்லில் இதற்காக உழைத்த குழுவின் தலைமைப் பொறுப்பில் ரங்கராஜன் இருந்தார். இயந்திரத்தின் வெளி வடிவமைப்பில் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் ஏ.ஜி. ராவ், ரவி பூவையா ஆகியோரின் பங்கு உண்டு. இந்தப் பணிக்காக ரங்கராஜனுக்கு வாஸ்விக் விருது கிடைத்தது.

உங்கள் பி.சி.க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உங்கள் பி.சி. பல வேலை செய்யும். கடிதம் டைப் செய்யலாம், பாட்டுக் கேட்கலாம், கேம்ஸ் ஆடலாம். புதிய சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால் புதிய வேலையும் செய்யும். அதுதான் அதன் பலம். வைரஸ் நுழைவதும் அதே வழியாகத்தான். எதை வேண்டுமானாலும் ஓட்டக்கூடிய இயந்திரம், நீங்கள் விரும்பாத புரோகிராமையும் ஓட்டும்.

ஓட்டு இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் இதற்கு நேர் எதிரான வழியை எடுத்தார்கள். இதில் விண்டோஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது. ஹார்ட் டிஸ்க் கிடையாது. இன்டர்நெட், வை-பை, புளுடூத் எதுவும் கிடையாது. மைக்ரோ கன்ட்ரோலர் என்ற சிறிய சிப்பில், தயாரிக்கும் போதே புரோகிராமை ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறார்கள். அதன் பிறகு திருத்தி எழுத முடியாது என்பதுதான் வடிவமைப்பு. பதிவாகும் ஓட்டுகள் தனி மெமரியில் சேர்கின்றன. இது கரன்ட் இல்லாமலேயே தகவலை வைத்திருக்கும் மெமரி. உங்கள் பி.சி.யின் ராம் மெமரியில் உள்ளது கரன்ட் போனதும் அழிந்துவிடும். இதில் உள்ளது பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும்.

வேகம்? உங்கள் பி.சி.யின் பிராசசர் வேகத்தை கிகா ஹெர்ட்ஸில் சொல்கிறோம். 2010இல் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்த ஓர் ஓட்டு இயந்திரத்தின் வேகம் சுமார் 9 மெகா ஹெர்ட்ஸ்தான். அதாவது உங்கள் பி.சி.யில் சில நூறில் ஒரு பங்கு. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்கு அதுவே அதிகம்.

மின்சாரமும் தேவையில்லை. பேட்டரியிலேயே ஓடும். கரன்ட் வராத மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலும் ஓட்டுப்பதிவு நடக்க வேண்டுமே!

எப்படி வேலை செய்கிறது?

இயந்திரத்தில் இரண்டு முக்கியப் பகுதிகள். கன்ட்ரோல் யூனிட் தேர்தல் அலுவலரின் மேஜையில் இருக்கும். பேலட்டிங் யூனிட் மறைவில், நீங்கள் ஓட்டுப் போடும் இடத்தில் இருக்கும். இரண்டையும் 5 மீட்டர் கேபிள் இணைக்கிறது.

அலுவலர் தன் பக்கம் உள்ள பேலட் பட்டனை அழுத்தினால்தான் உங்கள் பக்கம் உள்ள யூனிட் ஓர் ஓட்டுக்கு மட்டும் தயாராகும். சின்னத்துக்கு எதிரே உள்ள நீல பட்டனை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும், நீண்ட பீப் ஒலி கேட்கும். அதோடு யூனிட் பூட்டிக் கொள்ளும். பிறகு எத்தனை முறை அழுத்தினாலும், எந்த பட்டனை அழுத்தினாலும் பலன் இல்லை. அலுவலர் அடுத்தவருக்காக மறுபடி பேலட் பட்டனை அழுத்த வேண்டும்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஓட்டுச்சீட்டுக் காலத்தில் பூத்தைக் கைப்பற்றியவர்கள் சில நிமிடங்களில் கட்டுக்கட்டாகச் சீட்டுகளைக் குத்திப் பெட்டிக்குள் தள்ளிவிடுவார்கள். இந்த இயந்திரம் நிமிடத்திற்கு நான்கைந்து ஓட்டுக்கு மேல் வாங்காது. தகராறு என்றால் அலுவலர் குளோஸ் பட்டனை அழுத்தினால் போதும், அதற்கு மேல் ஓர் ஓட்டும் பதிவாகாது. நாம் எல்லோரும் வேகமான கம்ப்யூட்டரைத்தான் தேடுகிறோம். இங்கே மெதுவாக இருப்பதே பாதுகாப்பு.

ஒரு பேலட்டிங் யூனிட்டில் 16 பட்டன்கள். வேட்பாளர் அதிகமானால் யூனிட்டுகளைக் கோர்த்துக் கொள்ளலாம். பழைய மாடலில் 4 யூனிட்டுகள், 64 பெயர்கள் வரை. புதிய எம்-3 மாடலில் 24 யூனிட்டுகள், 384 பெயர்கள் வரை. 1996 சட்டசபைத் தேர்தலில் மொடக்குறிச்சி தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். அப்போது ஓட்டுச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டி வந்தது. அந்த எண்ணிக்கையை எம்-3 கூடத் தாங்காது.

இயந்திரம் ஜெயித்தது, சட்டம் தடுத்தது

1982 மே 19 அன்று கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 ஓட்டுச்சாவடிகளில் இந்த இயந்திரம் முதல் முறையாகப் பயன்பட்டது. இயந்திரம் கோளாறு செய்யவில்லை. ஆனால் தோற்ற வேட்பாளர் கோர்ட்டுக்குப் போனார். 1984இல் சுப்ரீம் கோர்ட், சட்டத்தில் ஓட்டுச்சீட்டுக்குத்தான் இடம் இருக்கிறது, இயந்திரத்துக்கு இல்லை என்று கூறி அந்த 50 சாவடிகளிலும் மறு வாக்குப்பதிவு நடத்த உத்தரவிட்டது. மறு வாக்குப்பதிவில் முடிவே மாறிப்போனது.

பொறியாளர்களுக்கு இது பெரிய பாடம். புரோகிராம் சரியாக ஓடினால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்துவதற்குச் சட்டமும் மக்களின் சம்மதமும் வேண்டும். 1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு, 1989 மார்ச் 15 முதல் அமலுக்கு வந்தது. 1998இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டில்லியில் 16 தொகுதிகளில் சோதனை நடந்தது. 2001இல் தமிழக சட்டசபைத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடந்தது. 2004 லோக்சபா தேர்தலில் 543 தொகுதிகளிலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள் பயன்பட்டன. முதல் சோதனையிலிருந்து இதற்கு 22 ஆண்டுகள் ஆயின.

காப்புரிமையும் ரகசியமும்

இது போன்ற கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை உண்டா என்ற கேள்வி வாசகர்களுக்கு எழலாம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவுப்படி, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு மட்டும் காப்புரிமை கிடையாது. புரோகிராம் ஹார்ட்வேரோடு சேர்ந்து ஒரு புதிய தொழில்நுட்பப் பலனைத் தந்தால் காப்புரிமை கேட்க வழி உண்டு. எம்பெடட் துறையிலும் செல்போன் போன்ற தகவல் தொடர்புத் துறையிலும் உள்ள பொறியாளர்கள் பெயரில் அதிகக் காப்புரிமைகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காப்புரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. 20 ஆண்டுகளுக்குத் தனி உரிமை வேண்டுமானால், கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். ஓட்டு இயந்திரத்தின் புரோகிராமோ பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. ரகசியமாக வைத்தால்தான் பாதுகாப்பு என்பது ஒரு தரப்பு. எல்லோரும் பார்த்துச் சோதிக்க முடிந்தால்தான் நம்பிக்கை என்பது இன்னொரு தரப்பு. 2010இல் ஹரி பிரசாத் உள்ளிட்ட ஆய்வாளர்கள், இயந்திரம் கையில் கிடைத்தால் அதன் பாகங்களை மாற்றி முடிவைத் திருத்த முடியும் என்று செய்து காட்டினார்கள். சீல் வைத்து, காவல் போட்டு வைத்திருக்கும் இயந்திரம் அப்படி யார் கைக்கும் போகாது என்பது தேர்தல் கமிஷனின் பதில்.

இந்தச் சந்தேகத்திற்குக் கிடைத்த விடை, பழைய காகிதம்தான்! 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் விவிபேட் என்ற பிரின்டர் முதன்முதலாக இணைக்கப்பட்டது. நீங்கள் ஓட்டுப் போட்ட சின்னம் அச்சான சீட்டு, கண்ணாடி வழியே 7 வினாடி தெரிந்து பெட்டிக்குள் விழும். 2019 லோக்சபா தேர்தலில் எல்லா ஓட்டுச்சாவடிகளுக்கும் இது வந்தது. ஒவ்வொரு சட்டசபைத் தொகுதிக்கும் 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணி, இயந்திரத்தின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் வீட்டில் மறைந்திருக்கும் கம்ப்யூட்டர்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் இன்டர்நெட்டோடு இணைந்தவை எவை என்று தனியாகக் குறித்துக் கொள்ளுங்கள். மோடம், ஸ்மார்ட் டி.வி., கேமரா போன்றவற்றுக்குக் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். வெளியுலகத் தொடர்பே இல்லாத வாஷிங் மெஷினைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம்.

அடுத்து, உங்களுக்குத் தேர்தலில் பூத் ஏஜென்ட் யாரையாவது தெரிந்திருந்தால், காலையில் நடக்கும் மாதிரி ஓட்டுப்பதிவைப் பற்றிக் கேளுங்கள். குறைந்தது 50 ஓட்டுகளைப் போட்டு, கூட்டிப் பார்த்து, அழித்துவிட்டுத்தான் உண்மையான ஓட்டுப்பதிவைத் தொடங்குவார்கள். புரோகிராமைத் திறந்து பார்க்க முடியாதபோது, தெரிந்த விடையைக் கொடுத்துச் சோதிப்பதுதான் பொறியாளர்களின் வழக்கம்.

நீங்கள் ஓட்டுப் போடும்போது மூன்றைக் கவனியுங்கள்: சிவப்பு விளக்கு, சீட்டில் உங்கள் சின்னம், நீண்ட பீப் ஒலி. மூன்றும் சரியாக இருந்தால், பெங்களூரிலும் ஐதராபாத்திலும் பல ஆண்டுகள் உட்கார்ந்து யோசித்தவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்று குறைந்தாலும் வெளியே வருவதற்கு முன்பே தேர்தல் அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.