எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரி: மாட்டுவதும் கழற்றுவதும்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நாம் முதலில் சொல்லிக் கொடுப்பது என்ன? ஓடிக் கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள். முதலில் ஷட் டவுன் செய்திடுங்கள் என்பதுதான். எலக்ட்ரிக் சைக்கிளுக்கும் இதே பாடம் பொருந்தும்.

நான் குடியிருப்பது இரண்டாவது மாடி. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட் இல்லை. எனவே தினமும் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டு வந்துதான் சார்ஜ் செய்கிறோம். நானும் அப்பாவும் மாறி மாறி ஓட்டும் சைக்கிள் என்பதால், அவருக்குச் சொல்லிக் கொடுத்த அதே வரிசையை இங்கு தருகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

லேப்டாப்பில் உள்ள அதே லித்தியம் அயன் வகைதான். 36 வோல்ட் பேட்டரியில் 3.6 வோல்ட் செல்கள் 10 வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். 10 ஆம்பியர் ஹவர் திறன் என்றால் மொத்தம் 360 வாட் ஹவர். சாதாரண லேப்டாப் பேட்டரி சுமார் 50 வாட் ஹவர்தான். அதாவது ஏழு லேப்டாப்களின் மின்சக்தியைக் கையில் தூக்குகிறீர்கள். கவனம் தேவைதானே!

கழற்றும் முறை

1. சைக்கிளை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்திடுங்கள். ஹேண்டில் பாரில் உள்ள டிஸ்பிளேயை ஆப் செய்திடுங்கள். பேட்டரியிலேயே தனி சுவிட்ச் இருந்தால் அதனையும் ஆப் செய்திடுங்கள்.

2. ஒரு கையால் பேட்டரியைப் பிடித்துக் கொண்டு, மறு கையால் சாவியைத் திருப்புங்கள். பிரேம் குழாய்க்குள் அமைந்த மாடல்களில் பூட்டு திறந்தவுடன் பேட்டரி கீழே இறங்கி விழலாம்.

3. குழாயின் மேல் மாட்டும் வகை என்றால், தண்டவாளம் போன்ற பட்டையில் மேல்நோக்கி நகர்த்தி எடுத்திடுங்கள். சில மாடல்களில் பக்கவாட்டில் சாய்த்து எடுக்க வேண்டும். உங்கள் மானுவலைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

4. எடுத்த பேட்டரியைச் சில்லறைக் காசு, சாவிக் கொத்துடன் ஒரே பையில் போடாதீர்கள். உலோகம் இரண்டு முனைகளையும் தொட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

மாட்டும் முறை

முதலில் இரு பக்க முனைகளிலும் ஈரம், மண் இருக்கிறதா எனப் பாருங்கள். இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்திடுங்கள். சுவிட்ச் ஆப் நிலையிலேயே பட்டையில் பொருத்தி நகர்த்துங்கள். ஆன் செய்துவிட்டு மாட்டினால் முனைகளில் தீப்பொறி பறந்து, நாளடைவில் அவை அரித்துப் போகும்.

ராம் மெமரியை ஸ்லாட்டில் அழுத்தும்போது ஒரு 'கிளிக்' கேட்கும் அல்லவா? இங்கும் அப்படி உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் தட்டித் திணிக்காதீர்கள். எடுத்துவிட்டு மீண்டும் நேராக வைத்திடுங்கள். பூட்டி, சாவியை எடுத்த பின் ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் மட்டுமே சுவிட்சை ஆன் செய்திடுங்கள்.

மேடு பள்ளத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வருகிறதா? பிரேமில் அடிப்பட்டையைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் தளர்ந்திருக்கலாம். பேட்டரியை எடுத்துவிட்டு அவற்றை இறுக்கிப் பாருங்கள்.

சார்ஜர் விஷயத்தில் எச்சரிக்கை

36 வோல்ட் பேட்டரியின் சார்ஜரில் 42 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு செல்லும் முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். ஆனால் 13 செல் வரிசை கொண்ட 48 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 54.6 வோல்ட் தரும். பின் பொருந்துகிறதே என்று அதனை இதில் சொருகவே கூடாது.

எங்கே சார்ஜ் செய்யலாம்?

2023ல் நியூயார்க் நகரில் மட்டும் லித்தியம் அயன் பேட்டரி தீ விபத்துகளில் 18 பேர் உயிரிழந்தனர். எனவே வாசல் கதவின் அருகில் மட்டும் சார்ஜ் செய்யாதீர்கள். அங்கே தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது. மெத்தை, துணிகள் இல்லாத இடத்தில், வெறும் தரையில் வைத்து, வீட்டில் யாராவது விழித்திருக்கும்போது சார்ஜ் செய்திடுங்கள். வெயிலில் ஓட்டி வந்த பேட்டரி என்றால் சூடு ஆறிய பிறகு சார்ஜரைச் சொருகுங்கள். கீழே விழுந்து அடிபட்ட, உப்பிய அல்லது வாடை வரும் பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யாமல், வாங்கிய கடையில் காட்டிடுங்கள்.