சில்லு தெறிக்காத கண்ணாடி

அப்பாவின் சாணைத் தொட்டியில் தண்ணீர் எப்போதும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். வட்டக் கண்ணாடி வில்லையை வைரமுனையால் கீறுவார். குறடால் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தெடுப்பார். பிறகு நனைந்த சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பதும் பிரேமின் காடியில் வைத்துப் பார்ப்பதுமாக அரை மணி நேரம் போகும். மயிரிழை கூடினால் உள்ளே இறங்காது, குறைந்தால் ஆடும். கடைசிச் சுற்றில் ஓரம் சில்லு விட்டால் அந்த வில்லை குப்பைக்குத்தான். இரவில் தொட்டியை வடித்தால் அடியில் விபூதி போலக் கண்ணாடிப் பொடி படிந்திருக்கும். 1980களின் மதுரையில் மூக்குக்கண்ணாடி என்றால் நிஜமாகவே கண்ணாடிதான்.

அதன் கனம் மூக்கில் தெரியும். ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டரை கிராம். கண்புரை அறுவை முடிந்து பிளஸ் 10 பவர் சீட்டோடு வரும் பெரியவர்களுக்கு சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவோம். ஒரு வாரத்தில் மூக்குத்தண்டில் இரண்டு பக்கமும் புண்ணோடு திரும்பி வருவார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கிய பிறகு அந்தக் கண்ணாடிகள் மெல்ல மெல்ல எங்கள் மேசையிலிருந்து மறைந்தன.

கனத்தைவிடப் பெரிய கவலை உடைசல். பந்து பட்டால் கண்ணாடி உடையும்; உடைந்த சில்லு நேரே கண்ணுக்குத்தான் போகும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: "கண்ணாடியைக் கழற்றி வெச்சுட்டுப் போய் விளையாடு." மைனஸ் 6 பவர் பிள்ளை வருகிற பந்து தெரியாமலே விளையாடும். மூக்கில் மாட்டிய பொருளிடமிருந்தே கண்ணைக் காப்பாற்ற வேண்டியிருந்த காலம் அது.

பிறகு சி.ஆர்.39 வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் தொட்டிக்குப் பயன்பட்ட பிசின் அது. போர் முடிந்ததும் கண்ணாடி வில்லையாக மாறியது. எங்கள் கடையில் அதற்கு 'ஃபைபர்' என்று பெயர். கண்ணாடியில் பாதிதான் எடை. "பிளாஸ்டிக்குக்கா இவ்வளவு காசு?" என்று கேட்காத ஆள் இல்லை. பார்வைத் தெளிவில் கண்ணாடிக்குக் குறைந்ததில்லை. ஆனால் பலமான அடி விழுந்தால் அதுவும் உடையத்தான் செய்யும்.

உண்மையான மாற்றம் பாலிகார்பனேட்டோடு வந்தது. 1953-ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் என இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்த பொருள். எங்களுக்கு முதல் ஜோடி வந்த அன்று அப்பா ஒரு வில்லையைச் சிமெண்டுத் தரையில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். நடுவில் பள்ளம் விழுந்தது, உடையவில்லை. எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று முழுக்க அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

அமெரிக்காவில் 1972 முதல் உள்ள விதிப்படி, 16 கிராம் எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் வில்லை உடையக் கூடாது. பாலிக்கு அது சாதாரணம். அது விறைத்து நின்று அடியைத் தடுப்பதில்லை. வளைந்து, குழிந்து அடியை வாங்கிக்கொள்கிறது. தாங்கும் ரகசியம் அந்த மென்மையில் இருக்கிறது. சீக்கிரம் கீறல் விழுவதும் அதே மென்மையால்தான், ஆகவே மேலே கடினப் பூச்சு இல்லாமல் அது வருவதில்லை.

வேலை செய்யும்போதும் அது வேறு ஜாதி. ஃபைபரைப் போலத் தண்ணீர் விட்டுத் தேய்க்கப் போனேன், சக்கரம் அப்பிக்கொண்டது. சூட்டில் இளகும் பொருள், உலர்வாகத்தான் வெட்ட வேண்டும். தேங்காய்த் துருவல் போலச் சுருள் சுருளாக உதிரும். ஓரத்துப் பிசிறை நீக்கிவிட்டு, மெருகுக்கு மட்டும் கடைசியில் கொஞ்சம் தண்ணீர். ஒருமுறை மேலிருந்த மைக்குறியை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தேன். கண்ணெதிரே வெளுத்து, உள்ளே நூல் நூலாக விரிசல் ஓடியது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்று வருகிற பெண்களிடமெல்லாம் இன்றும் சொல்கிறேன்.

பாலிக்கும் குறை உண்டு. வில்லை நிறங்களைச் சிதறவிடாமல் காட்டும் அளவை ஆப்பே எண் என்பார்கள். சி.ஆர்.39-க்கு அது 58, பாலிக்கு 30. பவர் கூடினால் ஓரப்பார்வையில் எழுத்தைச் சுற்றி நீலமும் ஆரஞ்சும் தெரியும். சிலருக்குப் பழகும், சிலருக்குக் கடைசிவரை பழகாது. ரிம்லெஸ் பிரேமுக்குத் துளை போட்டால் சில மாதங்களில் துளையருகே வெடிப்பு விடலாம். 2001-ல் பி.பி.ஜி. நிறுவனம் கொண்டுவந்த டிரைவெக்ஸ் இந்த இரண்டையும் கவனித்தது: ஆப்பே எண் 43-க்கு மேல், துளையைத் தாங்கும், பாலியைவிடவும் எடை குறைவு. பவர் கூடினால் சற்றுத் தடிமனாகும், விலையும் கூடுதல். ரிம்லெஸ் கேட்டால் நான் இதைத்தான் எடுத்து வைப்பேன்.

இன்று வேலையை எந்திரம் செய்கிறது. பிரேமின் வடிவத்தை அதுவே படித்து, சில நிமிடங்களில் வெட்டித் தந்துவிடும். அலமாரி நிறைய ரகங்கள். ஆனாலும் கடைக்கு வருகிறவர் கேட்பது ஒன்றுதான்: "மெலிசா இருக்குமா?" மெலிசானது என்று ஒளிவிலகல் எண் 1.74 உள்ள வில்லையை எடுத்து நீட்டுகிறோம். அது அடி தாங்குவதில் பாலிக்கு ஈடில்லை. "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று நாங்கள் கேட்பதில்லை.

போன வருடம் ஒரு லேத் பட்டறைக்காரர் வந்தார். வலக்கண் சிறுவயதிலேயே போனது. மிச்சமிருக்கும் இடக்கண்ணுக்கு வேறொரு கடையில் ஒல்லியான பிரேமில் 1.74 போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டுதான் நாள் முழுக்க இரும்பு சீவிக்கொண்டிருந்தார். இருக்கிற ஒரு கண்ணை அப்படி நிறுத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பாலி போட்டால் மட்டும் போதாது, பிரேமும் வில்லையை விடாமல் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, பக்கவாட்டு மறைப்போடு பாதுகாப்புக் கண்ணாடியே செய்து கொடுத்தேன். "அண்ணே, இதை யாரும் சொல்லலியே" என்றார்.

நேற்று ஒன்பது வயதுப் பையனுக்குப் புதுக் கண்ணாடி மாட்டி, காதருகே வளைவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பள்ளியில் கிரிக்கெட் ஆடுகிறானாம். அவன் அம்மா வழக்கம்போல, "ஆடுறப்ப கழற்றிப் பையில வெச்சிடணும், சரியா?" என்றார்.

"வேண்டாம்மா, பாலி போட்டிருக்கேன். கார்க் பந்துக்குன்னா ஹெல்மெட் தனியா வேணும். மத்தபடி போட்டுக்கிட்டே ஆடட்டும்" என்றேன்.

பையன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, தெருமுனைக் கடைப் பலகையைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான்.